மரத்தின் பசையில் ஒளி

காகித ஆலைகள் கொதிகலனில் எரித்துவிடும் லிக்னினிலிருந்து இருட்டில் ஒளிரும் பொருளைச் செய்ய முடியும் என்று ஆய்வகங்கள் காட்டிவிட்டன. அது உண்மையிலேயே பசுமைத் தொழிலாக மாற இன்னும் என்ன வேண்டும்?

வர்ணமோ வார்னிஷோ பூசாத மரப்பலகை ஒன்றின் மேல் புற ஊதா விளக்கைக் காட்டிவிட்டு அணைத்தால், விளக்கு அணைந்த பிறகும் பலகை ஒளிர்கிறது. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. மிக மங்கலான ஒளி அது. சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். சீனாவின் ஹார்பின் நகரிலுள்ள வடகிழக்கு வனவியல் பல்கலைக்கழகத்தின் ஜிஜுன் சென், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனி ஜேம்ஸ் ஆகியோரின் குழுவினர் பாஸ்வுட் என்னும் மிருதுவான மரத்தில் இந்த ஒளியை ஆராய்ந்தார்கள். 2021-ல் 'செல் ரிப்போர்ட்ஸ் பிசிக்கல் சயின்ஸ்' இதழில் அவர்கள் எழுதிய கட்டுரை, மரம் ஏன் ஒளிர்கிறது என்று விளக்கியதோடு நிற்கவில்லை. மரம் கையாளும் அதே உத்தியைப் பின்பற்றி, ஏறத்தாழ ஒரு விநாடி கண்ணுக்குத் தெரிய ஒளிரும் பொருளையும் செய்து காட்டியது.

ஒரு விநாடி சொற்பம்தான். ஆனால் மரத்தில் இருந்ததைவிட அது நூறு மடங்குக்கும் மேல். அதைவிட முக்கியம், அந்த ஒளியைத் தருவது சுரங்கத்தில் தோண்டிய கனிமம் அல்ல. உலகம் முழுக்கக் காகித ஆலைகளில் கழிவாக வெளியேறும் லிக்னின்.

எரிந்துபோகும் செல்வம்

மரத்தை நிமிர்ந்து நிற்க வைப்பது லிக்னின். செல்லுலோஸ் இழைகளை ஒன்றோடொன்று ஒட்டி இறுக்கும் பசை அது. தாவரங்கள் உருவாக்கும் பெருமூலக்கூறுகளில் செல்லுலோஸுக்கு அடுத்து உலகில் அதிகம் இருப்பதும் அதுவே. மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை லிக்னின்தான். கரும்புச் சக்கையிலும் அது கணிசமாக இருக்கிறது.

காகிதம் செய்பவர்களுக்குத் தேவை செல்லுலோஸ் மட்டுமே. லிக்னின் தங்கினால் தாள் பழுப்பேறும். அதனால் மரச்சில்லுகளையோ சக்கையையோ காரத்தில் வேகவைத்து லிக்னினைக் கரைத்து எடுத்துவிடுகிறார்கள். கறுத்துத் தடித்த அந்தக் கரைசலுக்கு ஆலைத் தொழிலாளர்களிடையே 'பிளாக் லிக்கர்' என்று பெயர். உலகக் காகித ஆலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடி டன் லிக்னின் இப்படிப் பிரிகிறது என்பதும், அதில் 2 விழுக்காடு அளவே விற்பனைப் பொருளாகிறது என்பதும் துறையினர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மற்றதெல்லாம் கொதிகலனுக்குப் போகிறது.

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இயங்கும் தமிழ்நாடு காகித நிறுவனம், கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்யும் உலகின் பெரிய ஆலைகளில் ஒன்று. சர்க்கரை ஆலை பிழிந்துவிட்ட சக்கை அங்கே தாளாகிறது. அந்தச் சக்கையின் லிக்னின் நீராவியாகவும் மின்சாரமாகவும் மாறுகிறது. இதை வீண் என்று சொல்லிவிட முடியாது. ஆலைக்கு வெப்பம் கிடைக்கிறது. வேகவைக்கப் பயன்பட்ட வேதிப்பொருள்களும் மீட்கப்படுகின்றன. ஆனாலும் வெயிலை வாங்கிச் செடி கட்டியெழுப்பிய ஒரு மூலக்கூறு வெறும் விறகாக முடிவதை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. லிக்னினுக்கு வேறு வேலையும் தெரியும். நார்வேயின் போரிகார்ட் நிறுவனம் 1962 முதல் ஸ்ப்ரூஸ் மரத்தின் லிக்னினிலிருந்து ஐஸ்கிரீமுக்கு மணமூட்டும் வனிலின் தயாரித்து வருகிறது.

அசையாதிருந்தால் ஒளி

ஒரு மூலக்கூறின் மேல் புற ஊதாக் கதிர் விழும்போது அதன் எலக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் நிலைக்குத் தாவுகிறது. தாவியது திரும்பிவர வேண்டும். நானோ விநாடிகளில் திரும்பி, வாங்கிய ஆற்றலை ஒளியாகக் கொடுத்துவிட்டால் அது உடனொளிர்தல். விளக்கை அணைத்ததும் இதுவும் அணைந்துவிடும்.

சில நேரங்களில் எலக்ட்ரான் தன் சுழற்சித் திசையை மாற்றிக்கொண்டு 'மும்மை நிலை' என்னும் இடைப்படியில் இறங்கிவிடுகிறது. அங்கிருந்து கீழே வருவதைக் குவாண்டம் விதிகள் எளிதில் அனுமதிப்பதில்லை. அதனால் அது மெல்லமெல்லத்தான் இறங்கும். அப்படி இறங்கும்போது வரும் ஒளியே நின்றொளிர்தல். விளக்கு அணைந்த பிறகும் தொடர்வது இதுதான். 1944-ல் கில்பர்ட் லூயிசும் மைக்கேல் காஷாவும் இந்த இடைப்படியை அடையாளம் கண்டார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மெல்ல இறங்கும் எலக்ட்ரானுக்கு வழியெல்லாம் இடையூறு. மூலக்கூறு அதிர்ந்தால், சுழன்றால், பக்கத்து மூலக்கூறோடு மோதினால் ஆற்றல் வெப்பமாகக் கரைந்துபோகும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் வந்து தொட்டாலும் ஒளி போய்விடும். தூரத்துக் கிணற்றிலிருந்து இடுப்பில் குடம் சுமந்து வருகிறவரை நினைத்துக்கொள்ளலாம்: குடம் தளும்பினால் நீர் வழியிலேயே சிந்திவிடும், ஆடாமல் வந்தால் முழுக்க வீடு வந்து சேரும். லிக்னின் எங்கும் எப்போதும் ஒளிரத் தயாராகவே இருக்கிறது. அது அசைவதால்தான் ஒளி சிந்திப்போகிறது.

மரத்தில் லிக்னினை ஓரளவு அசையாமல் வைத்திருப்பது செல்லுலோஸ் வலைப்பின்னல். அதனால்தான் மரப்பலகைக்குச் சில மில்லி விநாடி ஒளி. ஹார்பின், பாத் ஆய்வாளர்கள் செல்லுலோஸுக்குப் பதிலாக இன்னும் இறுக்கமான அக்ரிலிக் பாலிமர் வலை ஒன்றைக் கட்டி, அதனுள் லிக்னினைப் பிணைத்தார்கள். வலையின் கண்கள் எவ்வளவு பெரியவை, எவ்வளவு நேரம் உலர்த்துவது என்பதை மாற்றி மாற்றி, ஒளி நிற்கும் நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் அவர்களால் முடிந்தது. இந்தப் பொருளால் நூலுக்குச் சாயம் ஏற்றியும் காட்டினார்கள். விலையுயர்ந்த துணிகளில் அசலையும் போலியையும் பிரித்தறிய அந்த நூல் உதவும் என்பது அவர்கள் முன்வைத்த பயன்.

இதுவரை ஒளிர்ந்தவை

இருட்டில் ஒளிரும் பொருளைத் தேடியவர்கள் பெரும்பாலும் கல்லையும் உலோகத்தையுமே நாடினார்கள். 1600-களின் தொடக்கத்தில் இத்தாலியின் போலோனா நகரச் செருப்புத் தொழிலாளி வின்சென்சோ காஸ்கரியோலோ, மலையில் கிடைத்த பாரைட் கல்லைக் கரியோடு சேர்த்துச் சுட்டபோது அது இருட்டில் ஒளிர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த பூச்சு வந்தது. தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூர்தீட்டும்படி பழக்கப்பட்ட அமெரிக்கத் தொழிலாளிப் பெண்கள் பலர் தாடையெலும்பு அழுகியும் புற்றுநோய் கண்டும் மாண்டார்கள். ஒளிரும் பொருளின் வரலாற்றில் மறக்கக் கூடாத பக்கம் அது.

இன்று அவசர வழிப் பலகைகளிலும் கடிகார முட்களிலும் பச்சையாக ஒளிர்வது பெரும்பாலும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட். 1990-களில் ஜப்பானில் உருவான இதற்குக் கதிரியக்கம் கிடையாது. பல மணி நேரம் ஒளிரும். ஆனால் இதில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற இரண்டு அருமண் தனிமங்கள் சேர வேண்டும். 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூளையில் சுட வேண்டும். அருமண் தனிமங்களுக்கு உலகம் பெரிதும் நம்பியிருப்பது சீனாவை. அதன் உள் மங்கோலியப் பகுதியில் பயான் ஓபோ சுரங்கத் தாதுவைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் கழிவு, பாவ்தோ நகரருகே தோரியம் கலந்த சேற்றுத் தேக்கமாகக் கிடக்கிறது. 2023-ன் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த குவாண்டம் புள்ளிகளில் முதலில் புகழ்பெற்றவை காட்மியம் சேர்ந்தவை. மின்னணுப் பொருள்களில் காட்மியத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கும் வரம்பு 0.01 விழுக்காடு.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் செடியிலிருந்து ஒளி எடுக்கும் முயற்சியின் மதிப்பு புரியும்.

ஒளிரும் குடும்பம்

செடி ஒளிர்வது புதிய செய்தி அல்ல. செவில் நகர மருத்துவர் நிக்கோலஸ் மொனார்டெஸ், மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு மரக்கட்டையை நீரில் ஊறவைத்தால் நீர் நீலம் காட்டுவதை 1565-ல் எழுதினார். சிறுநீரக நோய்க்கு மருந்தாக விற்ற கட்டை அது. அந்த நீலத்துக்குக் காரணமான மாட்லாலின் என்ற மூலக்கூறு தெளிவாக அடையாளம் காணப்பட்டது 2009-ல்தான். நம் ஊரில் வேங்கைக் கட்டையில் கடைந்த குவளைக்கு நீரிழிவுக்காரர்களிடையே மதிப்பு உண்டு. அதில் ஊற்றிவைத்த நீர் மஞ்சளாகி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது நீலம் காட்டுவதும் இதே உடனொளிர்தல்தான்.

1833-ல் டேவிட் புரூஸ்டர், இலையின் பச்சையத்தைச் சாராயத்தில் கரைத்து வெயில் கற்றையைச் செலுத்தியபோது சிவப்பு ஒளி கண்டார். 1845-ல் ஜான் ஹெர்ஷல், கொய்னா கரைசலின் மேற்பரப்பில் நீல ஒளியைக் கண்டார். 1852-ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் அதற்கு விளக்கம் தந்து உடனொளிர்தலை அறிவியலாக்கினார். கொய்னா வரும் சின்கோனா மரத்தை 1860-களில் ஆங்கிலேய அரசு நீலகிரியில் பயிரிட்டது. நடுவட்டத்தில் கொய்னா ஆலையும் நடந்தது. காய்ச்சலுக்கு மருந்து தந்த அந்த மலைத்தோட்டம், உடனொளிர்தல் அறிவியலைத் தொடங்கிவைத்த மூலக்கூறின் தோட்டமும்கூட.

பச்சையமும் கொய்னாவும் வேறு வேறு வகை. ஆனால் மஞ்சளின் குர்க்குமின், குதிரைக் கஷ்கொட்டைப் பட்டையின் எஸ்குலின், மெக்சிகோக் கட்டையின் மாட்லாலின், மரத்தின் லிக்னின் ஆகிய நான்கும் ஒரே வேதிக் குடும்பத்தின் பிள்ளைகள். ஃபினைல் அலனின் என்ற ஒரு அமினோ அமிலத்திலிருந்து கிளைத்து வரும் வளைய மூலக்கூறுகள் அவை. நீரிலிருந்து கரையேறிய செடிகளுக்கு இந்தக் குடும்பம் இரண்டு வேலை செய்துகொடுத்தது. ஒன்று, தண்டை நிமிர்த்துவது. மற்றொன்று, நிலத்தின் கடும் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை விழுங்கி இலையைக் காப்பது. புற ஊதாவை விழுங்கத் தெரிந்த மூலக்கூறு, விழுங்கியதில் ஒரு பங்கைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருவதில் வியப்பில்லை. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு நமக்கு வெளிச்சமாகிறது.

நீங்களே பார்க்கலாம்

ரூபாய் நோட்டைச் சோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கு ஒன்றும் இருட்டறையும் போதும். ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைச் சானிட்டைசர் போன்ற ஆல்கஹால் திரவத்தில் கலக்கித் தெளியவிடுங்கள். விளக்கொளியில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். கீரையை அரைத்து அதே ஆல்கஹாலில் வடிகட்டினால் பச்சைச் சாறு சிவப்பாக ஒளிரும். கொய்னா சேர்ந்த டானிக் வாட்டர் நீலமாக ஒளிரும். விளக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. ஆல்கஹாலை அடுப்பருகே கொண்டுபோகவும் கூடாது.

ஆரஞ்சுச் சாறு தந்த புள்ளி

செடியின் மூலக்கூறை அப்படியே பயன்படுத்துவது ஒரு வழி. அதைச் சுட்டுப் புதிய பொருளாக்குவது இன்னொரு வழி. 2004-ல் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் கார்பன் நானோ குழாய்களைத் தூய்மைப்படுத்தும்போது, ஒளிரும் கரித்துகள்கள் எதிர்பாராமல் கிடைத்தன. சில நானோமீட்டர் அளவே உள்ள இவற்றுக்குக் கார்பன் புள்ளிகள் என்று பெயர் நிலைத்தது. 2012-ல் ஒடிசாவின் ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகமும் கரக்பூர் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து, ஆரஞ்சுச் சாற்றை 120 டிகிரியில் வேகவைத்து இவற்றைச் செய்தன. விழுங்கிய ஒளித்துகள்களில் 26 விழுக்காடு ஒளியாகத் திரும்பி வந்தது. அதன் பிறகு பழத்தோல், உமி, இலை என்று எத்தனையோ கழிவுகளிலிருந்து கார்பன் புள்ளிகள் வந்துவிட்டன.

இவற்றின் ஒளி இரும்பு, பாதரசம் போன்ற உலோக அயனிகள் பட்டால் மங்கிவிடும். அதையே கொண்டு தண்ணீரில் அந்த உலோகங்கள் இருக்கின்றனவா என்று சோதிக்கலாம். உடலுக்குள் செல்களைப் படம்பிடிக்கவும் இவை ஆராயப்படுகின்றன.

ஆனால் பெயரில் ஆரஞ்சு இருந்தால் மட்டும் போதாது. 2013-ல் சீன ஆய்வாளர்கள் 80 விழுக்காடு வரை திறனுள்ள கார்பன் புள்ளிகளைச் செய்தார்கள். அதற்குச் சிட்ரிக் அமிலத்தோடு எத்திலீன்டையமின் என்ற காரநெடி வேதிப்பொருள் தேவைப்பட்டது. பல மணி நேர வெப்பம், பிறகு நாள்கணக்கில் வடிகட்டல் என்று செலவு ஏறுகிறது. பல சமயங்களில் ஒளிர்வது கரித்துகளா, அதோடு கலந்திருக்கும் சிறு மூலக்கூறா என்றே குழப்பம் வருகிறது. மூலப்பொருள் செடியிலிருந்து வந்தது என்ற ஒன்றே ஒரு பொருளைப் பசுமையாக்கிவிடாது.

லிக்னினைத் தின்னும் ஒளி

உயிருள்ள ஒளியையும் இந்தத் தேடல் விடவில்லை. சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிறுவனத்தில் பிரான்சிஸ் ஷ்வார்ஸேயின் குழு 2024-ல் பால்சா மரத்தில் ஒளிரும் பூஞ்சை ஒன்றை வளர்த்தது. ஈரத்தில் மூன்று மாதம் வைத்தபோது மரம் தன் எடையைப்போல எட்டு மடங்கு நீரை உறிஞ்சியது. பூஞ்சை லிக்னினைத் தின்றது. செல்லுலோஸை விட்டுவிட்டதால் மரத்தின் உறுதி குலையவில்லை. காற்றுப் பட்டதும் ஒளிரத் தொடங்கி, பத்து மணி நேரத்தில் உச்சம் தொட்டு, பத்து நாள் வரை பச்சை ஒளி தந்தது. இதற்கு மின்சாரமும் வேண்டாம், புற ஊதா விளக்கும் வேண்டாம்.

2024-ல் அமெரிக்காவில் லைட் பயோ என்ற நிறுவனம் ஒளிரும் பெட்டூனியாப் பூச்செடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நியோனோதோபானஸ் நாம்பி என்ற ஒளிரும் காளானின் மரபணுக்களைச் செடிக்குள் புகுத்தி உருவாக்கியது அது. அந்த மரபணுக்களுக்கு எரிபொருள் காஃபிக் அமிலம். அதுவும் லிக்னின் குடும்பத்தைச் சேர்ந்தது. செடி லிக்னின் கட்டும் பாதையிலேயே வருவது. எந்தப் பக்கம் போனாலும் இந்த ஒளி அதே வேதிப் பாதைக்கே நம்மைக் கொண்டுவந்து விடுகிறது.

கூண்டும் பசுமையாக வேண்டும்

1929-ல் ஜெர்மன் வேதியியலாளர் பால் கிரைஸ், குதிரைக் கஷ்கொட்டைப் பட்டையின் எஸ்குலினால் துணியை வெளுப்பாகக் காட்டினார். நீல ஒளி சேர்ந்ததால் மஞ்சள் மறைந்து துணி பளிச்சிட்டது. சலவைத்தூளின் 'வெண்மை' பிறந்தது செடியிலிருந்துதான். ஆனால் எஸ்குலின் வெயிலுக்குத் தாங்கவில்லை. அதன் இடத்தைச் செயற்கை மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டன. இயற்கைப் பொருள் தாக்குப்பிடிக்காவிட்டால் சந்தை காத்திருக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

லிக்னின் ஒளிக்கும் இதே சோதனை காத்திருக்கிறது. ஒரு விநாடி ஒளியைக் கொண்டு அவசர வழிப் பலகை செய்ய முடியாது. அந்த வேலையில் ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டை அது நெருங்கவில்லை. ஈரம் அதற்குப் பகை; வலையை இறுக்கிப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை நீர் தளர்த்திவிடும். எல்லாவற்றுக்கும் மேல், லிக்னினைப் பிடித்துவைக்கும் அக்ரிலிக் வலை பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. ஒளி செடியிலிருந்தும் கூண்டு எண்ணெய்க் கிணற்றிலிருந்தும் வந்தால், பாதி வழிதான் வந்திருக்கிறோம்.

மீதிப் பாதிக்கு வழிகாட்டுவதும் மரம்தான். மரத்தில் கூண்டு செல்லுலோஸ். அது மண்ணில் மக்கும். மரத்தை மரமாகவே வைத்துக்கொண்டு, குளோரைடு அயனிகளால் அதன் நின்றொளிர்தலைத் தூண்டும் முறை 2023-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியாகியிருக்கிறது. இந்தத் திசையே சரியான திசை. ஒளிரும் பொருள் பசுமையானதா என்று கேட்பவர் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்: ஒளி எதிலிருந்து வந்தது? அதைப் பிடித்திருக்கும் கூண்டு எதிலிருந்து வந்தது? செய்வதற்கு எவ்வளவு வெப்பமும் கரைப்பானும் செலவாயின? தூக்கிப் போட்ட பிறகு அது என்ன ஆகும்? முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் பசுமை முத்திரை குத்துவது வாங்குகிறவரை ஏமாற்றுவதாகும்.

எதற்கு இது பொருந்தும் என்பதில் தெளிவு வேண்டும். தெருவிளக்குக்கு அல்ல; அடையாளத்துக்கு. மருந்துப் பெட்டியின் முத்திரை, சான்றிதழின் ஓரம், துணியில் ஒற்றை நூல் ஆகியவற்றில் ஒரு விநாடி ஒளியே போதுமானது. விளக்கை அணைத்த பிறகும் ஒளிர்வது அசல். அதோடு அணைவது போலி. இதற்குத் தேவைப்படும் லிக்னின் மிகக் கொஞ்சம். ஆலையின் கொதிகலனுக்குப் போகும் எரிபொருளில் அந்த அளவை எடுத்தால் ஆலைக்கு இழப்பு தெரியாது.

புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டின் பெயரில் விசைத்தறிப் போலிகள் விற்கின்றன. நெசவாளர் நாள்கணக்கில் தறியில் உட்கார்ந்து நெய்த சேலையை, பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய வாங்குகிறவருக்கு எளிய வழி இல்லை. கரும்புச் சக்கை லிக்னினை மக்கும் கூண்டில் பிடித்து, பட்டுக்கும் சலவைக்கும் தாங்கும் நூலாக்குவது நம் பல்கலைக்கழக வேதியியல் துறைகளும் ஜவுளி ஆய்வுக்கூடங்களும் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை. தண்ணீரும் வியர்வையும் பட்ட பிறகும் அந்த ஒளி நிற்குமா என்பதே அவர்கள் தீர்க்க வேண்டிய முதல் கணக்கு. கடினமான கணக்குதான். ஆனால் தொடங்குவதற்குத் தடை எதுவும் இல்லை: மூலப்பொருள் கரூரில் இருக்கிறது, தேவை காஞ்சிபுரத்தில் இருக்கிறது, வேதியியல் ஏற்கெனவே அச்சில் வந்துவிட்டது.